சித்தப்பா தேய்த்த நான்கு பற்கள்

நீல நிறத்தில் ஒரு சின்ன ரப்பர்க் கிண்ணம். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இருக்காது. உள்ளே குழிந்து, விளிம்பு மெலிந்து, அடியில் ஓர் உலோகக் காம்போடு இருக்கும். சுழலும் கைப்பிடியில் அதை மாட்டி, குழிக்குள் ஒரு துளி பசையைத் தொட்டுப் பல்லின் மேல் வைத்தால் பல் மினுங்கும். ஆனையூரில் நான் உதவியாளராக இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கிண்ணங்களை எடுத்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் குப்பையில் போடுவதும் என் பொறுப்பு. எத்தனை ஆயிரம் போட்டிருப்பேனோ, எதுவும் நினைவில் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் குப்பையில் போடாமல் சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அது மட்டும் நினைவை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கப்பலூரில் ஒரு எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போடுகிற வேலை. மோட்டாரில் துணிச் சக்கரம் சுழலும். அதில் கட்டியாக இருக்கும் பாலீஷ் சோப்பைத் தேய்த்துவிட்டு டம்ளரையோ தட்டையோ அதன்மேல் அழுத்துவார்கள். மங்கலாகப் போன தகரம் கண்ணாடியாகத் திரும்பி வரும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் முகம் முழுக்கக் கரி அப்பியிருக்கும், கண் இரண்டும்தான் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியானாலும் டீக்கடையானாலும் டம்ளர் கைக்கு வந்தால் முதலில் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பயும் காபி டம்ளரத்தான் உருட்டி உருட்டிப் பாத்தாரு, என்னைய எங்க பாத்தாரு" என்று சித்தி சொல்லாத நாள் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அந்தச் சிரிப்பிலும் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அவர் தெருவில் யார் சிரித்தாலும் அது இருக்கும்.

அங்கே போர்த் தண்ணீர்தான். பிள்ளைகளுக்குப் பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள்ளே பல் உருவாகிற காலத்திலேயே, தண்ணீரில் இருக்கும் புளோரைடு அதிகமாகப் போய்ப் பல்லோடு கலந்துவிடுகிறது. முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புப் பட்டையுமாக முளைக்கும். சித்தப்பாவின் ஒரே மகளுக்கு, என் தங்கச்சிக்கு, மேல்வரிசை முன்பல் நான்கிலும் குறுக்கே அப்படியொரு பட்டை, யாரோ டீயில் நூலை நனைத்துக் கட்டிவிட்டது போல. பத்தாவது படிக்கும்போதே கைக்குட்டை இல்லாமல் சிரிக்க மாட்டாள். கல்லூரி முடித்ததும் ஊருக்குள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வரவேற்பில் நிற்கிற வேலைக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாம் பிடித்திருந்ததாம். கிளம்பும்போது அங்கிருந்த மேலாளர் சாதாரணமாகச் சொன்னாராம், "பல்லை மட்டும் கிளீன் பண்ணிட்டுப் பத்து நாள் கழிச்சு வாம்மா." அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் சித்தப்பா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி என்னிடம் வந்து நின்றார்.

எங்கள் டாக்டரம்மா நிதானமானவர். முதலில் பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காறையை எடுத்தார். பிறகு ரப்பர்க் கிண்ணத்தில் பசையைத் தொட்டுப் பாலீஷ் போட்டார். அவர் போடுவதைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தைப் பல்லின்மேல் அழுத்தவே மாட்டார். தொடுவார், எடுப்பார், தொடுவார், எடுப்பார். ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும் என்பார். பசை ஈரமாகவே இருக்க வேண்டும் என்பார். அந்தப் பசைக்குள் இருப்பது அரைத்த கல்பொடி. பாலீஷ் என்றால் பல்லுக்கு எதையோ பூசுகிறோம் என்று நோயாளிகள் நினைத்துக்கொள்கிறார்கள். பூசுவது எதுவுமில்லை, எடுப்பதுதான். மேலே ஒட்டிய டீக்கறை, வெற்றிலைக்கறையோடு பல்லின் மேல்தோலிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு போகும். அந்த மேல்தோலுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். ஆனால் ஒரு தடவை போனால் நகம் மாதிரி, முடி மாதிரி மறுபடி வளராது. முரட்டுப் பசையைப் போட்டுவிட்டு அப்படியே விட்டால் கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் பல்லில் நுணுக்கமான கீறல் விழுந்திருக்கும், அதில் கறை இன்னும் சீக்கிரம் ஏறும். அதனால்தான் கறை இருக்கிற பல்லில் மட்டும் போடுவார், அதுவும் மென்மையான பசையில் முடிப்பார். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்ததுதான் வினை.

அன்றைக்குத் தங்கச்சி கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேலே படிந்திருந்த மங்கல் போய்ப் பல் வெளுத்திருந்தது. சுற்றிலும் வெளுத்ததனால் அந்தப் பழுப்புப் பட்டை முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. அவள் கண்ணாடியைத் திருப்பி என்னிடம் கொடுத்தாள். டாக்டரம்மா சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டு, "ஐயா, இது மேல இருக்கிற கறை இல்ல, உள்ளயே இருக்கு. பாலீஷ்ல போகாது. வேற வழி இருக்கு, ரெண்டு மூணு தடவை வரணும், பொறுமையாச் செய்யணும்" என்றார். சித்தப்பாவின் காதில் நின்றது கடை மேலாளர் சொன்ன "பத்து நாள்" மட்டும்தான். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து மருந்து வாசனை அடிக்கிற அந்த வராந்தாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பேசாமல் ஒரு காபி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உறவுக்காரர்கள் பல்வலி என்றால் டாக்டரம்மாவுக்கு முன்னால் எனக்குத்தான் போன் போடுவார்கள், நானும் மருந்துப் பெயர் வரைக்கும் சொல்லுவேன். அந்தப் பெருமையில் சொன்னேன். "அவுக அப்படித்தான் பயந்து பயந்து பண்ணுவாக சித்தப்பா. இதுவும் உங்க வேலைதான். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பண்ணா போயிரும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுல போடுறாக?" என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் புதுக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், காம்பைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, நம்ம வீலு குட்டி போட்டிருக்கு" என்றார். நானும் சிரித்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஓர் ஆள் போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத் தங்கச்சி சொல்லித்தான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பாத்திரக் கைப்பிடி இடுக்கில் பாலீஷ் போடுவதற்குப் பட்டறையில் ஒரு சின்னக் கைமோட்டார் உண்டு. அதை இரவல் வாங்கி வந்து அதில் அந்த நீலக் கிண்ணத்தை மாட்டியிருந்தார். முதலில் கண்ணாடி முன் நின்று தன் பல்லில் போட்டுப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, மகளுக்கு முன்னால் தன்னைத்தான் சோதித்துக்கொண்டார். பல்பொடியைக் குழைத்துப் போட்டதற்கு ஒன்றும் அசையவில்லை. எவர்சில்வருக்குக் கடைசிக் கை போடுகிற பச்சைச் சோப்பை எடுத்தார். அவருடைய பல்லில் பழுப்பு மங்கியது. வலியும் இல்லை, வயசான பல், உள்ளே நரம்பு சுருங்கியிருக்கும். அதைப் பார்த்த நம்பிக்கையில் மகளை வாசலில் நாற்காலி போட்டு, வெயில் வாயில் விழுகிற மாதிரி உட்கார வைத்தார். சித்தி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். "சுடுதுப்பா" என்று நடுவில் ஒருதரம் சொன்னாளாம். உடனே நிறுத்தி, பல்லில் வாயால் ஊதிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, "இன்னுங் கொஞ்சந்தான் தாயி, விட்டுப்போச்சு பாரு" என்று மறுபடியும் வைத்தாராம். ஒவ்வொரு பல்லாக, நான்கு பல். பட்டறையில் டம்ளர் சூடேறினால் கீழே வைத்துவிட்டு அடுத்த டம்ளரை எடுப்பார். இங்கே எடுத்து வைக்க வேறு பல் இல்லை.

எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பழுப்பு போய்விட்டது. நான்கு பல்லும் புது டம்ளர் போல மின்னின. திங்கட்கிழமை எனக்குப் போனில் படம் அனுப்பினாள். கைக்குட்டை இல்லாமல் அவள் சிரித்த முதல் படம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா, சித்தப்பாவைக் கூப்பிட்டு, "டாக்டரையே மிஞ்சிட்டீங்க போங்க" என்றேன். "நீ சொன்னேல்ல தாயி, நம்ம வேலைதான்னு. அதான்" என்றார். அந்த வாரமே வேலை கிடைத்தது. பட்டுச்சேலை கட்டி, வாசலில் நின்று வருகிறவர்களைச் சிரித்துக் கும்பிட்டு வரவேற்க வேண்டும். தெருவில் எல்லோருக்கும் சித்தி சர்க்கரை கொடுத்தாள்.

அந்தக் கடை முழுக்க ஏசி. வாசலில் நிற்கிறவர்கள் தலைக்கு மேலேயே குளிர்காற்றை இறக்குகிற மாதிரி ஒரு பெட்டி. "வாங்க" என்று வாயைத் திறந்தால் பல்லில் காற்றுப் பட்டு மூளை வரைக்கும் வெட்டி இழுக்கிறது என்றாள். முதல் வாரம் பழகிவிடும் என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் உதட்டை மூடிக்கொண்டு கும்பிட்டாள். "ஏம்மா, சிரிக்கத்தானே உன்னைய நிக்க வச்சிருக்கு" என்றார்கள். மூன்றாம் வாரம் அவளை என்னிடம் வரச் சொன்னேன். டாக்டரம்மா வழக்கம்போலப் பல்லை உலர்த்துவதற்குக் காற்றைத் தொட்டுத்தான் விட்டார். அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா காற்றுக்குழாயைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்த நான்கு பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எனாமல் பாதிக்கு மேல் போயிருந்தது. ஈறை ஒட்டிய இடத்தில், அது எப்போதும் மெலிந்திருக்கும் இடத்தில், சுத்தமாக இல்லை. நாங்கள் ஒரு ஆயுசு முழுக்கப் போட்டாலும் போகாததை ஒரு காலைப்பொழுது எடுத்திருந்தது.

சித்தப்பாவை மறுநாள் வரச்சொன்னார். பட்டறைச் சட்டையோடு வந்து கைகட்டி நின்றார். எதால் தேய்த்தீர்கள் என்று கேட்டார் டாக்டரம்மா. சித்தப்பா ஒளிக்கவில்லை. மோட்டார், பச்சைச் சோப்பு, எல்லாம் சொன்னார். "ரப்பர் கப் மாதிரி ஏதோன்னு உங்க பொண்ணு சொல்லுச்சே, அது ஏது?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் தட்டு இருந்தது, தட்டில் அதே மாதிரி நீலக் கிண்ணம் ஒன்று இருந்தது. சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானே சைக்கிள் ட்யூபை வெட்டிச் செஞ்சதும்மா" என்றார். இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த மூச்சை விடாமல் நின்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலைகூட இல்லை, எல்லோரும் போன் போட்டுக் கேட்கிற அந்த அக்கா இல்லாமல் போய்விடுவேன் என்றுதான் பயந்தேன்.

அன்றைக்குச் சித்தப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான். "கொஞ்சமாச்சும் ஏத்த முடியாதாம்மா?" அவர் தொழிலில் கனத்த பாத்திரமென்றால், விளிம்பு தேய்ந்துபோனாலும் பற்றவைத்து ஏற்றலாம், முலாம் போடலாம். டாக்டரம்மா பல்லின் நிறத்திலேயே ஒரு பசையை வைத்துக் கெட்டியாக்கி மூடிவிட்டார். பல்கூச்சம் பாதி குறைந்தது. ஒரு வருஷத்தில் அது ஓரத்தில் பெயர்ந்தது. அதற்குள் பல் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. எனாமலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மாதிரியான பகுதியின் நிறமே மஞ்சள்தான். மேலே மூடியது மெலிந்தால் அது தெரியாமல் என்ன செய்யும்? நடுவில் இருந்த ஒரு பல் சூட்டில் உள்ளுக்குள்ளேயே செத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, அதற்கு வேர்சிகிச்சை. கடைசியில் நான்குக்கும் உறை மாதிரி கேப் போடுவது என்று முடிவானது. கேப் உட்கார வேண்டுமென்றால் சுற்றிலும் பல்லை இன்னும் தேய்க்க வேண்டும். இதைச் சித்தப்பாவிடம் நான்தான் சொன்னேன். "தேச்சதை மூடுறதுக்கும் தேய்க்கணுமா தாயி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். புதுசாக வேலைக்கு வருகிறவன் டம்ளர் விளிம்பை அழுத்தித் தேய்த்துவிட்டால் அவர் பட்டறையில் கத்துவாராம், தேச்சது தேச்சதுதாண்டா, திரும்பி வராதுடா என்று. இது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரைவிடவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அது தெரிந்த மனுஷரை நான் ஒரு வார்த்தையால் மறக்க வைத்தேன்.

எட்டு வருஷம் ஆகிறது. தங்கச்சி இப்போது ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் எடுக்கிறாள், ஏசி இல்லாத பள்ளி. கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். மார்கழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீமை மகனிடம் தள்ளிவிடுவாள். சித்தப்பா வேலையை விட்டுவிட்டார். டம்ளர் கைக்கு வந்தால் இப்போது பார்ப்பதில்லை, குடித்துவிட்டு வைத்துவிடுகிறார். சொந்தத்தில் ஒரு விசேஷம் நடந்தால் யாராவது ஒருத்தர், "பெத்த பிள்ளை பல்லைப் பட்டறையில போட்டுத் தேச்ச மனுசன்" என்று கிண்டல் செய்யாமல் விடுவதில்லை. அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். நான் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருப்பேன், என் இலையைப் பார்த்துக்கொண்டு.

போன வாரம் ஒரு கேப் கழன்றுவிட்டது என்று தங்கச்சி வந்தாள். சித்தப்பாவும் கூட வந்திருந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது அவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்தார். அதைப் பிரித்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். நீலம் வெளுத்துப்போயிருந்தது. விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. குழிக்குள் பச்சைச் சோப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. "எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என் டப்பாவத் துழாவுவாக. ஆஸ்பத்திரிச் சாமான்னு பாத்தாலே தெரிஞ்சிரும். நீயே போட்ரு தாயி" என்றார். எட்டு வருஷமாக வைத்திருந்திருக்கிறார். எனக்கு எதிராக வைத்திருந்தது இல்லை, எனக்காக ஒளித்து வைத்திருந்தது. "சித்தப்பா" என்றேன். "போ, புள்ள காத்திருக்கும்" என்றார்.

உள்ளே டாக்டரம்மா கேப்பை ஒட்டி முடித்திருந்தார். கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பாக வைத்திருப்பேன், ஒற்றைக் கையால் ஊற்றிக் கொடுத்தேன். "கையில என்னக்கா?" என்றாள். "ஒண்ணுமில்லடி" என்றேன். அவள் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள், உதட்டைத் துடைத்துக்கொண்டாள். வராந்தாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் கதவு வழியாக ஒரு பார்வை பார்த்தாள். "அவரு பண்ணுன கூத்துக்கு உனக்குத்தான்க்கா எம்புட்டு வேலை. நீ மட்டும் இல்லாட்டி என் பல்லு என்னாயிருக்கும்?" என்று சொல்லி என் கையைப் பிடிக்க வந்தாள். மூடியிருந்த கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.